டீசல் லாரி ஏர் இழுக்கிறதா? கசியும் ஜாயின்டைப் பிடிக்கும் வழி

ராத்திரி முழுக்க நின்ற லாரி. காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. கை பம்பை இருபது முப்பது தடவை அடித்துவிட்டு மறுபடி செல்ஃப் போட்டால் உடனே பிடித்துக்கொள்கிறது. பகலில் பத்து நிமிடம் நிறுத்தி எடுத்தால் ஒரு தொந்தரவும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பேட்டரியையோ, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலையோ சந்தேகப்பட வேண்டாம். டீசல் லைனில் எங்கோ ஏர் (வெளிக்காற்று) நுழைகிறது. வண்டி நிற்கும் நேரத்தில் லைனில் இருந்த டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடுகிறது.

பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தப்பு நடக்கிறது. லைனில் சிக்கிய ஏரை வெளியேற்றிவிட்டு (‘ஏர் எடுத்துவிட்டு’) வண்டியை அனுப்புவார்கள், மறுநாள் அதே கதை. அடுத்து ஃபில்டர் மாறும், அதற்கடுத்து, டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்பு மாறும். ஏர் எடுப்பது பழுது பார்ப்பதாகாது. ஏர் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடித்த பிறகு செய்கிற கடைசி வேலை அது.

ஈரம் இல்லாத ஜாயின்டும் கசியும்

டேங்கிலிருந்து ஃபீட் பம்பு வரையுள்ள பாதை இழுக்கும் பக்கம். டேங்குக்குள் இருக்கும் பிக்கப் பைப், சேஸிஸ் ஓரமாக வரும் லைன், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டர், பல வண்டிகளில் அதன் தலையிலேயே இருக்கும் கை பம்பு எல்லாம் இதில் சேரும். எஞ்சின் ஓடும்போது இந்தப் பாதைக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஜாயின்ட் காய்ந்து சுத்தமாகத் தெரியும். ‘எங்கேயும் சொட்டு இல்லையே’ என்று டிரைவர் சொல்வது உண்மைதான். ஆனால் அதை வைத்து இழுக்கும் பக்கம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

ஃபீட் பம்புக்குப் பிறகு வருவது தள்ளும் பக்கம்: மெயின் ஃபில்டர், நாசில்களுக்கு உயர் அழுத்தத்தில் டீசல் அனுப்பும் எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) பம்பு அல்லது காமன் ரயில் பம்பு (எல்லா நாசில்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அழுத்தமேற்றித் தேக்கும் வகை) வரையுள்ள பைப்புகள். இங்கே ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே வரும், புழுதி ஒட்டிக் கருத்த திட்டாகத் தெரியும். எஞ்சின் நின்றதும் நிலைமை மாறும். அழுத்தம் போனபின் டீசல் தன் எடையாலேயே டேங்கை நோக்கி இறங்கப் பார்க்கும். ஓடும்போது டீசல் கசிந்த அதே ஓட்டை இப்போது காற்றை உள்ளே விடும். எனவே தள்ளும் பக்கத்து ஈரத்தையும் ‘சின்னக் கசிவுதானே’ என்று விட்டுவிடக் கூடாது.

வண்டி எப்போது தகராறு செய்கிறது என்று கேளுங்கள்

ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் டிரைவரிடம் கேட்கிற நாலு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும்.

டேங்க் நிறைய இருக்கும்போது சரியாக ஓடி, பாதிக்குக் கீழே இறங்கியதும் திணறுகிறதா? அப்படியானால் டேங்குக்குள் நிற்கும் பிக்கப் பைப்பின் மேல்பாதியில் விரிசல் இருக்க நல்ல வாய்ப்பு. டீசல் மட்டம் விரிசலுக்கு மேலே இருக்கிறவரை அது டீசலைத்தான் இழுக்கும். மட்டம் கீழே போனதும் காற்றை இழுக்கும். வெளியே லைன் முழுவதையும் மாற்றினாலும் இந்தப் பழுது தீராது, ஏனென்றால் அது வெளியிலேயே இல்லை.

ஸ்டார்ட் ஆகி, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஓடி, பிறகு தடுமாறி நின்றுவிடுகிறதா? ஃபில்டருக்குள் மிச்சமிருந்த டீசலில் ஓடியிருக்கிறது. அது தீர்ந்து, பின்னால் வந்த காற்று பம்பை எட்டியதும் நின்றிருக்கிறது. இது சின்ன ஓட்டை அல்ல. ஒரு ஹோஸ் கழன்றிருக்கலாம், செபரேட்டரில் தண்ணீர் இறக்கும் டிரெய்ன் காக் திறந்திருக்கலாம், டேங்கே காலியாக இருக்கலாம். (கேஜ் முள்ளை நம்பி இரண்டு மணி நேரம் லைன் தேடியவர்கள் உண்டு. முதலில் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள்.)

ஐடிலில் நன்றாக ஓடி, லோடோடு மேடு ஏறும்போது மட்டும் புல்லிங் போகிறதா? ஏராகவும் இருக்கலாம், அடைப்பாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க வாக்குவம் கேஜ் வேண்டும். அது கீழே வருகிறது.

ஃபில்டர் மாற்றிய பிறகுதான் தொடங்கியதா? அப்படியானால் வேறெங்கும் போகாமல் நேரே ஃபில்டருக்குப் போங்கள். பழைய ரப்பர் சீல் ஃபில்டர் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புது ஃபில்டரை முறுக்கியிருப்பார்கள். இரண்டு சீல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் கட்டாயம் கசியும். சீலில் டீசல் தடவாமல் உலர்வாக முறுக்கினால் அது சுருண்டுகொள்ளும். ரெஞ்ச் போட்டு இறுக்கி நசுக்கினாலும் அதே கதிதான். சீல் தலையைத் தொட்டபின் கையால் முக்கால் சுற்று என்பதுதான் பெரும்பாலான ஸ்பின்-ஆன் ஃபில்டர்களுக்கு உள்ள வழக்கம். சரியான அளவு ஃபில்டர் உடம்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

கண்ணால், கையால் ஒரு சுற்று

லைனைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு டேங்கிலிருந்து தொடங்குங்கள். ரப்பர் ஹோஸை மடக்கிப் பாருங்கள். மடிப்பில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் அது போய்விட்டது. கிளிப் இறுக்கமாக இருந்தாலும் ஹோஸைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். கைக்குச் சுற்றினால் உள்ளே ரப்பர் காய்ந்து கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம், கிளிப்பை இன்னும் இறுக்கிப் பயனில்லை. சேஸிஸ் துளை வழியாக வரும் இடங்கள், பிரேக் பைப்போடு சேர்த்துக் கட்டிய இடங்கள், கேபின் தூக்கி இறக்கும்போது மடங்கும் இடங்கள் ஆகியவற்றில் பைப் உராய்ந்து தேய்ந்திருக்கும். விரலை அடிப்பக்கமாக ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும்.

வாட்டர் செபரேட்டரின் அடியிலுள்ள டிரெய்ன் காக்கையும், தண்ணீர் சென்சார் இருந்தால் அதன் ஓ-ரிங்கையும் தனியாகக் கவனியுங்கள். தண்ணீர் இறக்கிவிட்டு அரைகுறையாக மூடிய காக், அடிக்கடி மாட்டும் குற்றவாளி. இழுக்கும் பக்கத்தில் இருப்பதால் அது சொட்டாமலே காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். கை பம்பின் கைப்பிடி முறுக்கும் வகையாக இருந்தால் அதை முழுதாகத் திருப்பி இறுக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கண்ணாடி ஹோஸ்: வைத்துப் பார்க்கிற சோதனை

ஊகத்தை நிறுத்துவது இதுதான். லைனின் உள்விட்டத்துக்குச் சரியான, டீசல் தாங்கும் ஒளி ஊடுருவும் ஹோஸ் ஓர் அரை மீட்டர், நல்ல கிளிப் இரண்டு. முதலில் அதை ஃபீட் பம்பின் இன்லெட்டுக்குச் சற்று முன்னால் மாட்டுங்கள். தள்ளும் பக்கத்தில் இதை மாட்டவே கூடாது. அங்குள்ள அழுத்தத்தை அது தாங்காது.

மாட்டியதும் உள்ளே போன காற்று வெளியேற ஐந்து பத்து நிமிடம் எடுக்கும். அதற்குள் தெரியும் குமிழைக் கணக்கில் எடுக்காதீர்கள். பிறகு ஐடிலில் ஒரு நிமிடமும், ஆக்ஸிலேட்டரை உயர்த்தி ஒரு நிமிடமும் பாருங்கள். ஐடிலில் தெரியாத ஓட்டை, இழுப்பு கூடும்போது குமிழாகத் தெரியும். குண்டூசித் தலை அளவுக் குமிழ்கள் விடாமல் ஓடினால் ஒரு ஜாயின்டோ சீலோ ஊசித்துளை விட்டிருக்கிறது. விரல் நீளத்துக்குக் காற்றுத் துண்டுகள் வந்தால் பிக்கப் பைப்பையோ டேங்க் மட்டத்தையோ சந்தேகப்படுங்கள்.

குமிழ் தெரிந்தால் ஹோஸை ஒவ்வொரு கட்டமாக டேங்க் பக்கம் நகர்த்துங்கள்: செபரேட்டருக்கு முன், பிறகு சேஸிஸ் லைனின் நடுவில், பிறகு டேங்கின் அவுட்லெட்டில். எந்த இடத்தில் குமிழ் மறைகிறதோ, அந்த இடத்துக்கும் அதற்கு முன் மாட்டிய இடத்துக்கும் இடையில்தான் ஓட்டை. டேங்க் வாயிலேயே குமிழ் வந்தால் டேங்குக்குள்ளிருக்கும் பிக்கப் பைப்பை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

ஒரு பொறி இதில் இருக்கிறது. சோதனை ஹோஸ் மாட்டிய ஜாயின்டே ஏர் இழுக்கலாம். சந்தேகம் வந்தால் அந்த இரண்டு முனைகளிலும் கெட்டி கிரீஸைத் தடிமனாக அப்பிவிடுங்கள். குமிழ் நின்றால் ஏமாற்றியது உங்கள் ஹோஸ்தான். இதே கிரீஸ் வித்தையை மற்ற ஜாயின்டுகளிலும் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கலாம். குமிழ் நிற்கிற இடம் அகப்பட்டதும் கிரீஸைத் துடைத்துவிட்டு ஒழுங்கான பழுது பாருங்கள். கிரீஸை அப்படியே விட்டு வண்டியை ஓட்டினால் அது உள்ளே இழுபட்டு ஃபில்டரை அடைக்கும். சோதனை முடிந்ததும் கண்ணாடி ஹோஸையும் கழற்றிவிட வேண்டும்; சூட்டிலும் டீசலிலும் ஊறிக் கெட்டிப்பட்டு அதுவே அடுத்த ஓட்டை ஆகிவிடும்.

ராத்திரி நின்றால் மட்டும் தகராறு என்றால் ஹோஸைப் பம்பு வாயில் மாட்டி, நிறைந்திருப்பதைப் பார்த்து அடையாளம் போட்டுவிட்டு நிறுத்துங்கள். காலையில் செல்ஃப் அடிக்குமுன் பாருங்கள். டீசல் இறங்கிக் காலியாக இருந்தால் ஏர் வழிதான். நிறைந்தே இருந்து, அப்போதும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இழுக்கும் பக்கத்தை விட்டுவிட்டு வேறு காரணம் தேடுங்கள்.

தனி கேனிலிருந்து ஓட்டிப் பார்ப்பது

லைனை ஒரேயடியாக இரண்டாகப் பிரிக்கும் சோதனை இது. 20 லிட்டர் கேனில் சுத்தமான டீசலை எடுத்து, புது ஹோஸ் ஒன்றை நேரே ஃபீட் பம்பு இன்லெட்டுக்குக் கொடுங்கள். மிஞ்சிய டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைனையும் அதே கேனில் விடுங்கள். அப்படி விடாவிட்டால் ரிட்டர்னில் திரும்பும் டீசல் டேங்குக்குப் போய், கேன் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் காலியாகிவிடும். திரும்பி வரும் டீசல் சூடாக வரும் என்பதால் சின்ன கேன் வேண்டாம். கேன் சாயாதபடி கட்டி, எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி வையுங்கள். வண்டியை நிறுத்திவைத்து மட்டும் செய்கிற சோதனை இது.

கேனிலிருந்து சுத்தமாக ஓடினால் பழுது டேங்குக்கும் பம்புக்கும் இடையில். கேனிலும் அதே திணறல் என்றால் பம்பு, மெயின் ஃபில்டர், ரிட்டர்ன், நாசில் பக்கம் போங்கள்.

எல்லாக் குமிழும் ஓட்டையால் வருவதில்லை

அனுபவமுள்ளவர்களையும் ஏமாற்றுவது இது. டீசலில் எப்போதும் கொஞ்சம் காற்று கரைந்திருக்கும். பம்புக்கு முன்னால் ஃபில்டர் அடைத்தோ, ஹோஸின் உள்தோல் உரிந்து மடங்கியோ, டேங்குக்குள் காற்று விடும் வெண்ட் துளை அடைத்தோ இருந்தால் பம்பு பலமாக இழுக்கும், லைனுக்குள் அழுத்தம் மேலும் இறங்கும். அப்போது கரைந்திருந்த காற்று பிரிந்து குமிழாக வரும். லைனில் ஊசித்துளை இல்லாமலே கண்ணாடி ஹோஸில் குமிழ் ஓடும்.

பிரித்தறிய, ஃபீட் பம்பு இன்லெட்டில் ஒரு டி-ஜாயின்ட் போட்டு வாக்குவம் கேஜ் மாட்டுங்கள். எஞ்சினை முழு வேகத்துக்கு உயர்த்தி வாசியுங்கள். அனுமதிக்கும் அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், அந்த எஞ்சின் கையேட்டைத்தான் நம்ப வேண்டும். பல லாரி எஞ்சின்களுக்கு மேல்வரம்பு பாதரச மானியில் 6 முதல் 10 அங்குலத்துக்குள் வரும், அதாவது ஏறத்தாழ 20 முதல் 34 கிலோபாஸ்கல். முள் வரம்பைத் தாண்டி நின்றால் அடைப்பு. முள் குறைவாக இருந்தும் குமிழ் ஓடினால் அசல் ஏர் கசிவு.

டேங்க் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் கேஜ்கூட வேண்டாம், வெண்ட் அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

சோப்புத் தண்ணீர்

குமிழ் எந்தப் பகுதியில் என்று தெரிந்து, எந்த ஜாயின்ட் என்று தெரியாதபோது அந்தப் பகுதியை மட்டும் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் ரெகுலேட்டர் வழியாகக் காற்றுக் கொடுங்கள். 0.3 பார் போதும், 0.5 பாரைத் தாண்ட வேண்டாம். கம்ப்ரசர் காற்றை நேராகக் கொடுத்தால் செபரேட்டரின் பிளாஸ்டிக் கிண்ணம் வெடிக்கும். டேங்குக்குக் காற்றுக் கொடுக்கவே கூடாது, அது அழுத்தம் தாங்கச் செய்ததல்ல. உள்ளே டீசல் ஆவி வேறு இருக்கும். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு ஜாயின்டிலும் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

இதில் தேறிவிட்டது என்பதாலேயே லைன் நல்லது என்று ஆகிவிடாது. உள்ளிருந்து காற்று அழுத்தினால் மூடிக்கொண்டு, இழுத்தால் திறக்கிற சீல்களும் வெடிப்புகளும் உண்டு. கையால் அடிக்கும் வாக்குவம் பம்பு இருந்தால், ஒரு முனையை அடைத்துவிட்டு 10 அங்குலம் இழுத்துப் பிடித்து முள் இறங்குகிறதா என்று பார்ப்பது இன்னும் நேர்மையான சோதனை. வண்டி ஓடும்போது லைன் படுகிற பாடும் அதுதான்.

ரிட்டர்னில் மட்டும் குமிழ் என்றால்

இன்லெட் கண்ணாடி ஹோஸ் சுத்தமாக இருக்க, ரிட்டர்ன் லைனில் மட்டும் நுரை வந்தால் அது பெரும்பாலும் வெளிக்காற்று அல்ல. சிலிண்டர் தலைக்குள்ளேயே டீசல் பாதை ஓடும் எஞ்சின்களில், நாசில் அடியிலுள்ள காப்பர் வாஷரோ நாசில் கப்போ விட்டால் சிலிண்டரின் எரிவாயு டீசலுக்குள் புகுந்துவிடும். லோடு கூடக் கூட நுரையும் கூடும், ரிட்டர்ன் டீசலில் புகை வாடை அடிக்கும், டீசல் கருக்கும். லைனை ஆயிரம் முறை மாற்றினாலும் தீராது. நாசிலைக் கழற்றி சீட்டைச் சுத்தம் செய்து, புது வாஷர் போட்டு, கையேட்டின் டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்க வேண்டும்.

ரிட்டர்ன் பைப் டேங்குக்குள் உடைந்து, அதன் முனை டீசலில் மூழ்காமல் மேலே நின்றாலும் தொல்லைதான். மிஞ்சிய டீசலை ரிட்டர்னுக்கு விடும் ஓவர்ஃப்ளோ வால்வும் சரியாக மூடாவிட்டால் நிறுத்திய பிறகு அந்த வழியே காற்று ஏறி, லைன் டீசல் இறங்கிவிடும்.

ஃபீட் பம்பையும் மறக்க வேண்டாம். அதன் ஷாஃப்ட் சீல் தேய்ந்தால் அந்த வழியே ஏர் வரும். சில எஞ்சின்களில் டீசல் போய் எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறி, டீசல் வாடை வந்தால் அந்த எஞ்சினை ஓட்டாதீர்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைக் கொன்றுவிடும்.

பழுது பார்க்கும்போது

பேன்ஜோ போல்ட்டை (உள்ளே துளை வழியாக டீசல் போகும் போல்ட்) தொட்டால் இரண்டு பக்க வாஷரும் புதிது போட வேண்டும். ஒருமுறை நசுங்கிய காப்பர் வாஷர் கெட்டிப்பட்டுவிடும், மறுபடி பிடிக்காது. வழியில் வேறு கதி இல்லையென்றால் அதை மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி ஆறவிட்டால் மென்மையாகும், ஊர் போய்ச் சேரும்வரை தாங்கும். இந்தச் சூடு காட்டும் வேலையை டீசல் லைன் கழற்றிய வண்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். வாஷர் உட்காரும் முகத்தில் கீறல் இருந்தால் புது வாஷரும் கசியும்.

வெள்ளை டெஃப்லான் டேப் வேண்டவே வேண்டாம். அதன் நார் பிரிந்து பம்புக்கும் நாசிலுக்கும் போகும். பேன்ஜோ, ஃபிளேர் ஜாயின்டுகள் மரையில் சீல் ஆவதில்லை, உட்காரும் முகத்தில்தான் சீல் ஆகின்றன. அங்கே எதையும் தடவத் தேவையில்லை. நைலான் பைப்பை வெட்டினால் முனை நேராக, பிசிறில்லாமல் இருக்க வேண்டும். சாய்வாக வெட்டிய பைப் குவிக் கப்ளரின் ஓ-ரிங்கை அறுத்துவிடும்.

டீசலை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் நான்-ரிட்டர்ன் வால்வ் ஒன்றை லைனில் போட்டால் காலை ஸ்டார்ட்டிங் சரியாகிவிடும், பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஓட்டை அப்படியே இருக்கும். ஓடும்போது ஏர் போய்க்கொண்டுதான் இருக்கும். காமன் ரயில் பம்புக்கு டீசலே லூப்ரிகேஷன். ஏர் கலந்த டீசலில் அது உலோகத்தோடு உலோகம் உரசித் தேயும், அந்தத் தூள் ரயில், நாசில் என எல்லா இடத்துக்கும் பரவும். சின்ன ஓ-ரிங்கைத் தேடாமல் விட்டதற்கு முழு சிஸ்டத்தையும் மாற்ற நேரிடும்.

ஏர் எடுப்பது

முதலில் டேங்கில் போதுமான டீசல் ஊற்றுங்கள். பழைய இன்லைன் அல்லது ரோட்டரி எஃப்ஐ பம்பு வண்டியில் வரிசை இது: ஃபில்டர் தலையிலுள்ள, ஏர் வெளியேற்றும் பிளீட் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கை பம்பை அடியுங்கள். நுரை மாறி, குமிழில்லாத டீசல் கோடாக வரும்போது, அடித்துக்கொண்டே இறுக்குங்கள். அடுத்து எஃப்ஐ பம்பின் பிளீட் ஸ்க்ரூவில் இதையே செய்யுங்கள். பிறகும் பிடிக்கவில்லையென்றால் இரண்டு மூன்று நாசிலின் பைப் நட்டை அரை முதல் ஒரு சுற்றுத் தளர்த்தி செல்ஃப் போடுங்கள். டீசல் துப்பத் தொடங்கியதும் இறுக்கிவிடலாம். எஞ்சின் பிடித்துத் தடுமாறினால் மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுங்கள். பீய்ச்சும் இடத்துக்குக் கையையும் முகத்தையும் கொண்டுபோகாதீர்கள்.

காமன் ரயில் வண்டியில் ஹை பிரஷர் நட்டைத் தளர்த்தவே கூடாது. ரயிலுக்குள் அழுத்தம் 1,600 பாருக்கும் மேல்கூட ஏறலாம். அங்கிருந்து பீய்ச்சும் டீசல் இழை தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியதுபோல் சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் குறைவாக இருக்கலாம். ஆனால் உள்ளே போன டீசல் திசுவை அழிக்கும். அப்படிப் பட்டால் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், டீசல் அழுத்தத்தோடு உள்ளே போனது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்த வண்டிகளில் லோ பிரஷர் பக்கத்தை மட்டும் கை பம்பாலோ எலெக்ட்ரிக் பம்பாலோ நிரப்பி, கை பம்பாக இருந்தால் அது கெட்டியாகும்வரை அடித்து, பிறகு செல்ஃப் போடுவதுதான் முறை. மெயின் ஃபில்டரில் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டாதீர்கள்; வடிகட்டாத தூசி நேரே ஹை பிரஷர் பம்புக்குப் போகும்.

செல்ஃபை ஒரு தடவைக்கு 30 வினாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், இரண்டு நிமிடம் ஆறவிட்டு அடுத்த தடவை போடுங்கள். ஸ்கேனர் இருந்தால் செல்ஃப் சுற்றும்போது ரயில் பிரஷரைப் பாருங்கள். அது ஏறி ஏறி விழுந்தால் இன்னும் ஏர் இருக்கிறது. கை பம்பு எத்தனை அடித்தும் கெட்டியாகவே இல்லையென்றால் அதன் வால்வுகள் போயிருக்கலாம் அல்லது பிடிபடாத ஓட்டை அதற்கு முன்னால், டேங்க் பக்கம் இன்னும் இருக்கிறது.

கிளம்பிய பிறகு பதினைந்து இருபது நிமிடம் ஓடவிட்டு, தொட்ட ஜாயின்டுகளைத் துடைத்து, தள்ளும் பக்கத்தில் சாக்பீஸ் தூள் தூவிப் பாருங்கள். ஈரம் பட்டால் உடனே நிறம் மாறும். அன்று இரவு வண்டி நிற்கட்டும், முடிந்தால் டேங்க் கால்வாசி இருக்கும்போது. காலையில் கை பம்பைத் தொடாமல் சாவியைத் திருப்புங்கள். வழக்கமான நேரத்தில் பிடித்தால் வண்டியை லோடுக்கு அனுப்பலாம்.